கலிப்போலியைக் கழுத்தில் மறிக்காமல் விட்டது ஏன்?

புவியியல் வாத்தியார், திண்டுக்கல்:

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு முதல் உலகப் போர் நடத்திக்கொண்டிருக்கிறேன். கலிப்போலியைச் சும்மா பெயர் மட்டும் சொல்லிக் கடந்துபோக மனமில்லாமல், கரும்பலகையில் அந்தத் தீபகற்பத்தைப் பெரிதாக வரைந்து காட்டினேன். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஒரு நாக்கு நீண்டிருப்பது போன்ற வடிவம். மேற்கே சாரோஸ் வளைகுடாவும் ஏஜியன் கடலும். கிழக்கே டார்டனெல்ஸ் நீரிணை. அதைத் தாண்டினால் மர்மரா கடல், பிறகு இஸ்தான்புல், அதற்கும் அப்பால் கருங்கடல், ரஷ்யா. 1915-ல் பிரிட்டனும் பிரான்சும் இந்த வழியைத் திறக்கத்தான் படையெடுத்தன என்று சொன்னேன்.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "சார், நாக்கோட அடிப்பக்கம் ரொம்ப ஒல்லியா இருக்கே. அங்கே இறங்கி மறிச்சிருந்தா உள்ளே இருக்கிற துருக்கிப் படை மொத்தமும் மாட்டியிருக்குமே? அதை விட்டுட்டு ஏன் சார் நுனியில போய் இறங்கினாங்க?"

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். போலாயிர் என்ற ஊருக்குப் பக்கத்தில் அகலம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான். அவள் கேட்டது சரியான கேள்வி. என்னிடம் சரியான பதில் இல்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்தப் பக்கம் போய்வந்தவர்களோ படித்தவர்களோ இருந்தால் உதவுங்கள்.

தூத்துக்குடி மாலுமி:

வணக்கம் சார். நான் சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர். கருங்கடல் துறைமுகங்களில் கோதுமை ஏற்றும் கப்பல்களில் டார்டனெல்ஸை இதுவரை பதினொரு தடவை கடந்திருக்கிறேன். ஒருமுறை சானக்கலேயில் கப்பலை விட்டு இறங்கி ஊர் திரும்பியபோது, விமானத்துக்கு இரண்டு நாள் இருந்ததால் பஸ் பிடித்து போலாயிருக்கே போனேன். உங்கள் மாணவி கேட்ட அதே கேள்வி எனக்கும் இருந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று. அந்தப் படையெடுப்பின் நோக்கம் துருக்கிப் படையைச் சிறைபிடிப்பது அல்ல. கப்பல்கள் நீரிணையைக் கடந்து மர்மராவுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். போரில் நடந்த எல்லாவற்றையும் இந்த ஒரு தேவையை வைத்துப் பார்த்தால் புரியும்.

நீரிணையின் நீளம் 61 கிலோமீட்டர். ஏஜியன் பக்கம் நுழையும்போது அகலமாக இருக்கும் கடல், உள்ளே போகப் போக நெருங்கி, கிலித்பாஹிர் என்ற இடத்தில் 1.2 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். இடப்பக்கம் ஐரோப்பா, கிலித்பாஹிர் கோட்டை. வலப்பக்கம் ஆசியா, சானக்கலே நகரம். கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் நிற்கும்போது இரண்டு கரையிலும் ஓடும் கார்களை வெறும் கண்ணால் எண்ணலாம். கிலித்பாஹிர் என்றால் 'கடலின் பூட்டு' என்று பொருள். கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் கட்டிய கோட்டை அது. மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் பூப்போல இருக்கும். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் நாரா முனை. அந்த இடத்தில் கப்பலை வலப்பக்கமாக நன்றாகத் திருப்பியாக வேண்டும். வழிகாட்ட ஏறும் உள்ளூர் பைலட் பக்கத்தில் நின்றாலும் எனக்கு அந்தத் திருப்பத்தில் உள்ளங்கை வியர்க்கும்.

அதற்குக் காரணம் நீரோட்டம். கருங்கடலின் உப்புக் குறைந்த நீர் மேலடுக்கில் மர்மராவிலிருந்து ஏஜியனை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் உப்பு மிகுந்த கனமான நீர் எதிர்த்திசையில் போகும். குறுகிய இடத்தில் மேலோட்டம் நான்கு நாட் (மணிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல்) வரை வரும். எங்கள் கப்பல் பன்னிரண்டு நாட்டில் போகக்கூடியது, எஞ்சின் பலம் உண்டு. 1915-ல் கண்ணிவெடி வாரப் போனவை வடகடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இழுவைப் படகுகள். அதில் இருந்தவர்களும் பெரும்பாலும் மீனவர்கள்தான், போர்ப் பயிற்சி இல்லாதவர்கள். வாரும் வடத்தை இழுத்துக்கொண்டு அந்த ஓட்டத்தை எதிர்த்துப் போனால் படகு நடக்கிற வேகம்கூடப் போகாது. இரவில் தேடும் விளக்கு மேலே விழும், இரண்டு கரையிலிருந்தும் பீரங்கி சுடும். அவர்கள் பின்வாங்கியதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். அந்தத் தண்ணீரில் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

பூட்டின் அமைப்பு இதுதான்: பீரங்கியை அடக்காமல் கண்ணிவெடியை வார முடியாது. கண்ணிவெடியை வாராமல் போர்க்கப்பல் பீரங்கிக்குப் பக்கத்தில் போக முடியாது.

1915 மார்ச் 18 அன்று கப்பல்களை மட்டும் வைத்தே இதை உடைக்கப் பார்த்தார்கள். நீரிணைக்குக் குறுக்கே பத்து வரிசைக் கண்ணிவெடி இருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் போனது பதினோராவது வரிசை. போர்க்கப்பல்கள் சுட்டு முடித்ததும் எரென்கோய் விரிகுடாவுக்குள் வலப்பக்கமாக வளைந்து திரும்புவதைத் துருக்கியர்கள் கவனித்துவிட்டார்கள். மார்ச் 8 அதிகாலையில் நுஸ்ரத் என்ற சின்னக் கப்பல் போய் 26 கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டு வந்தது. மற்ற வரிசைகளைப் போல் குறுக்கே அல்ல, கரைக்கு இணையாக, கப்பல்கள் வளையும் இடத்தில். மார்ச் 18 மதியம் பிரெஞ்சுக் கப்பல் பூவே அதில் மோதி இரண்டு நிமிடத்தில் மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களும் போயின. ஒரு கப்பல் எந்தப் பக்கம் வளையும் என்று பார்த்து வைத்த கண் யாருடையதோ, அவர் நல்ல மாலுமி. நுஸ்ரத்தின் மாதிரிக் கப்பலை சானக்கலே கடற்படை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்றால் நம்ம ஊர் விசைப்படகைவிடக் கொஞ்சம் பெரிசு என்றுதான் தோன்றும்.

கடல் வழியாக முடியாது என்றானதும்தான் தரைப்படை வந்தது. வேலை என்ன? கிலித்பாஹிரைச் சுற்றியுள்ள பீரங்கிகளைப் பின்பக்கமிருந்து, நிலத்தின் வழியாகப் போய்ப் பிடிப்பது. இப்போது உங்கள் மாணவி சொன்ன கழுத்துக்கு வருகிறேன்.

போலாயிரிலிருந்து கிலித்பாஹிர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். கழுத்தைப் பிடித்தாலும் பூட்டு அங்கேதான் இருக்கும். பீரங்கிகள் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இருக்கும் படை பட்டினி கிடக்குமா என்றால் அதுவும் இல்லை. ஒன்றேகால் கிலோமீட்டர் தண்ணீர்தான், ஆசியக் கரையிலிருந்து இரவோடு இரவாகப் படகில் அரிசியும் தோட்டாவும் வந்துவிடும். வரைபடத்தில் அது தீபகற்பம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது ஆற்றின் ஒரு கரை மாதிரி.

இரண்டாவது, கழுத்தில் நிற்கும் படைக்கு இரண்டு முகம் வேண்டும். வடக்கே திராஸ் பகுதியிலிருந்து ஒரு படை அடிக்கும், தெற்கே தீபகற்பத்துக்குள்ளிருந்து இன்னொன்று அடிக்கும். துணைக்கு வரும் பிரிட்டிஷ் கப்பல்கள் சாரோஸ் பக்கம் மட்டும்தான் நிற்க முடியும். மர்மரா பக்கம் போவதற்குத்தானே இவ்வளவு பாடும்!

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸ்காரரான மில்டியாடெஸ் இந்தக் கழுத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார். 1854-ல் கிரிமியப் போரின்போது, ரஷ்யர்கள் வந்துவிடக் கூடாது என்று பிரிட்டனும் பிரான்சுமே இங்கே அரண் கட்டின. 1913-ல் பால்கன் போரில் பல்கேரியர்களும் துருக்கியர்களும் மோதியதும் இங்கேதான். தரைப்படைக்குத் தலைமை ஏற்ற பிரிட்டிஷ் தளபதி ஹாமில்டன் 1915 மார்ச் 18 அன்று ஒரு கப்பலில் இந்தக் கரையை ஒட்டிப் போய்ப் பார்த்தார். பதுங்குகுழிகளும் முள்வேலியும் வரிசை வரிசையாக இருந்தன. தான் முன்னாள் கூட்டாளிக்குக் கட்டிக் கொடுத்த அரணையே பிரிட்டன் இடிக்க வேண்டிய நிலை.

ஆனால் உங்கள் மாணவி தனியாக இல்லை. துருக்கிப் படைக்குத் தலைமை ஏற்ற ஜெர்மானியத் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ் அவள் நினைத்ததைத்தான் நினைத்தார். கையில் இருந்த ஆறு டிவிஷன்களில் இரண்டைப் போலாயிர் பக்கம் வைத்தார். இரண்டை ஆசியக் கரையில் வைத்தார். நுனிக்கும் நடுப்பகுதிக்கும் மிஞ்சியது இரண்டுதான். இதைத் தெரிந்துகொண்டு பிரிட்டிஷார் நடத்திய நாடகம் ஒன்று உண்டு. படை கரையிறங்கிய ஏப்ரல் 25-க்கு முந்தைய இரவில் ஃப்ரைபர்க் என்ற இளம் அதிகாரி உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, குளிர்ந்த சாரோஸ் வளைகுடாவில் தனியாக நீந்திப் போய்க் கரையில் தீப்பந்தங்களைக் கொளுத்திவைத்துவிட்டுத் திரும்பினார். பெரிய படை இறங்கப்போகிறது என்று காட்டத்தான். சாண்டர்ஸ் நேரில் போலாயிருக்கே போய் நின்றுவிட்டார். அந்த நீச்சல்காரர் பின்னாளில் நியூசிலாந்தின் கவர்னர் ஜெனரலாக இருந்தார்.

நான் போன அன்று போலாயிரில் காற்று பலமாக அடித்தது. மேட்டில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரிகிறது. அங்கே ஒரு பழைய சமாதி இருக்கிறது. 1354-ல் ஒரு பெரிய நிலநடுக்கத்தில் கலிப்போலி நகரத்தின் மதில் இடிந்தபோது, அந்தச் சந்தர்ப்பத்தில் உள்ளே புகுந்து ஒட்டோமான்களுக்கு ஐரோப்பாவில் நிலையான காலடி பெற்றுக்கொடுத்த சுலைமான் பாஷாவின் சமாதி. வந்தவரும் காத்தவரும் ஒரே மேட்டில்தான் நின்றிருக்கிறார்கள்.

கௌரி, வெலிங்டன்:

மாலுமி அண்ணா கடலிலிருந்து சொன்னதை நான் மேட்டிலிருந்து சேர்க்கிறேன். நியூசிலாந்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், நர்ஸ் வேலை. இங்கே ஏப்ரல் 25 விடிகாலையில் ஊரே இருட்டில் கூடி நிற்கும். முதல் வருடம் எனக்குப் புரியவில்லை. தோற்ற போருக்கு இவ்வளவு பேரா என்று நினைத்தேன். அப்புறம்தான் படித்தேன், நியூசிலாந்து வீரர்கள் மட்டும் 2,700-க்கு மேல் இறந்திருக்கிறார்கள். அன்றைக்கு இந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் பத்து லட்சம்.

போன வருடம் நானும் கணவரும் அங்கே போனோம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் இறங்கிய ஆன்சாக் குடாவின் கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் சார், யாருக்கும் முதலில் வருவது பெருமூச்சுதான். மணல் ஒரு கீற்று அளவுதான் இருக்கிறது, அதன்பிறகு நேரே மண்மலை. மழை அறுத்து அறுத்து ஓடைகளாகப் பிளந்து கிடக்கும் மலை. ஒரு மேட்டில் ஏறினால் அடுத்த மேட்டுக்குப் போக மறுபடி பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். காகிதத்தில் ஒரு விரற்கடை தூரம், காலுக்கு அரைநாள்.

அந்த மலைத்தொடரில் சுனுக் பைர் என்று ஒரு உச்சி. உயரம் 261 மீட்டர்தான். ஆனால் அதில் ஏறி நின்றால் மறுபக்கம் நீரிணை தெரிகிறது. அண்ணா சொன்ன அந்தக் குறுகிய இடத்துத் தண்ணீர் வெயிலில் மின்னுவதை நான் பார்த்தேன். எட்டு மாதம் நடந்த போரில் அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்த நேச நாட்டு வீரர்கள் மிகச் சிலரே. ஆகஸ்ட் 8 அன்று எங்கள் ஊர் வெலிங்டன் பட்டாலியன் அந்த உச்சியைப் பிடித்தது. பாறைத் தரையில் பதுங்குகுழிகூட ஆழமாகத் தோண்ட முடியவில்லை. நாள் முழுக்க வெயிலில் தண்ணீரில்லாமல் நின்றார்கள். 760 பேரில் காயமின்றித் திரும்பியவர்கள் எழுபது பேர் அளவே. தளபதி மலோன் மாலையில் குண்டு விழுந்து இறந்தார், தங்கள் பக்கத்திலிருந்தே தவறி வந்த குண்டு என்றுதான் கருதுகிறார்கள். மறுநாள் காலை, பக்கத்து மேட்டை 6-ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் வீரர்கள் பிடித்தார்கள். அவர்கள்மேலும் குண்டு விழுந்து இறங்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 10 விடியலில் துருக்கித் தளபதி முஸ்தஃபா கெமால் நடத்திய எதிர்த்தாக்குதலில் உச்சி முழுவதும் கைவிட்டுப்போனது. ஏப்ரல் 25 அன்றே மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தன் படையை இந்த மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அந்த உச்சியின் மதிப்பு அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

மேட்டின் மேலே இப்போது தார்ச்சாலை போகிறது. குவின்ஸ் போஸ்ட் என்ற இடத்தில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் இன்னொன்று இருந்தது. அந்தச் சாலையின் அகலத்தில் நின்று என் கணவரிடம் சாதாரணக் குரலில் பேசினேன். எதிராளி இருமினால் கேட்கும் தூரம் அது. மே 19 அன்று நடந்த தாக்குதலில் துருக்கியர் சுமார் 3,000 பேர் இறந்து நடுவில் கிடந்தார்கள். நாற்றம் தாங்காமல் மே 24 அன்று இரண்டு பக்கமும் போரை நிறுத்தி, வெளியே வந்து, சேர்ந்தே புதைத்தார்கள். பிணத்தோடு வேலை செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், அந்த ஒரு பகல் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. அதிகம் எழுத முடியவில்லை.

புவியியல் வாத்தியார், திண்டுக்கல்:

இருவருக்கும் மிக்க நன்றி. "ஆற்றின் ஒரு கரை மாதிரி" என்ற இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இன்று கரும்பலகைப் படத்தை அழித்துவிட்டு, நீரிணையை நடுவில் வைத்து இரண்டு கரையையும் வரைந்து பார்த்தேன். கழுத்து ஓரத்துக்குப் போய்விட்டது. இத்தனை நாள் நிலத்தை நடுவில் வைத்து வரைந்ததுதான் தப்பு.

கூர்க்கா என்று கௌரி அம்மா சொன்னதால் ஒரு கேள்வி. இந்தியாவிலிருந்து எவ்வளவு பேர் போனார்கள்? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

கௌரி, வெலிங்டன்:

பதினைந்தாயிரம் பேர் அளவுக்குப் போனார்கள், சுமார் 1,400 பேர் இறந்தார்கள் சார். சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபி முஸ்லிம்கள் அதிகம். ஜூன் 4 அன்று தீபகற்பத்தின் நுனியில் உள்ள ஹெல்லஸ் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் 14-ஆம் சீக்கியப் படை முன்னேறியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களில் மறுநாள் நிற்க முடிந்தவர்கள் 134 பேர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சண்டை போட்டவர்களைவிட எனக்குக் கோவேறு கழுதை ஓட்டியவர்கள்மேல் மரியாதை அதிகம். அந்த மலையில் வண்டி ஏறாது. தண்ணீர், தோட்டா, ரொட்டி எல்லாம் இரவில் கோவேறு கழுதை முதுகில்தான் மேலே போயிற்று, ஓட்டியவர்கள் இந்தியர்கள். ஆஸ்திரேலியாவில் காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிவந்த சிம்ப்சன் என்ற வீரரைத் தெரியாத குழந்தை இல்லை. அவர் சாப்பிட்டதும் தங்கியதும் இந்தியப் பீரங்கிப் படையின் கழுதைக்காரர்களோடுதான். இங்கே என் சக நர்ஸ்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

தூத்துக்குடி மாலுமி:

இன்னொன்றும் சொல்லுங்கள் சார். எம்டன் என்றால் நம் பிள்ளைகளுக்கு இன்றும் வீட்டில் திட்டு வாங்கிய சொல்லாகவாவது தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல். அந்த எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஒழித்தது சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல். சிட்னி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்த கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்துகொண்டிருந்தது. அந்த வீரர்கள் கொழும்பைத் தொட்டு எகிப்துக்குப் போய், ஐந்து மாதம் கழித்து இறங்கிய இடம்தான் கௌரி அம்மா நிமிர்ந்து பார்த்த கரை.

முடிவையும் கேட்பார்கள். நவம்பர் கடைசியில் மழையும் பனியும் சேர்ந்து வந்து, பதுங்குகுழிகள் வெள்ளத்தில் மூழ்கி, ஆயிரக்கணக்கானோருக்குக் கைகால் உறைந்துபோயின. டிசம்பர் 20 அதிகாலைக்குள் ஆன்சாக், அதற்கு வடக்கே உள்ள சுவ்லா பகுதிகளையும், 1916 ஜனவரி 9 அதிகாலைக்குள் ஹெல்லஸையும் சத்தமில்லாமல் காலி செய்தார்கள். ஆள் போனபிறகும் துப்பாக்கி சுட வேண்டும் என்று மேல் டின்னிலிருந்து கீழ் டின்னில் தண்ணீர் சொட்டி, கனம் கூடியதும் விசையை இழுக்கும்படி கட்டி வைத்திருந்தார்கள். மொத்தத்தில் நேச நாட்டுப் படையில் சுமார் 44,000 பேரும் துருக்கியர் சுமார் 87,000 பேரும் இறந்தார்கள்.

பூட்டு இன்றும் வேலை செய்கிறது. 1936-ல் மோன்ட்ரோ ஒப்பந்தம் சாவியைத் துருக்கியிடமே கொடுத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் துருக்கி அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் போர்க்கப்பல்களுக்கு வழியை மூடியது. எங்களைப் போன்ற சரக்குக் கப்பல்களுக்கு வழி உண்டு. அதே ஆண்டு மார்ச் 18 அன்று நீரிணையின் மேல் 2,023 மீட்டர் நடு இடைவெளியுள்ள பாலத்தைத் திறந்தார்கள். தேதியைக் கவனியுங்கள்.

கிலித்பாஹிருக்கு மேலே மலைச்சரிவில், கடந்து போகிறவனை நிற்கச் சொல்லும் பெரிய வெள்ளை எழுத்துகள் இருக்கின்றன, பக்கத்தில் ஒரு வீரனின் உருவம். கப்பல் அங்கே நிற்க முடியாது. அடுத்த மாதம் மறுபடி அந்த வழி போகிறேன், பகலில் கடந்தால் பிரிட்ஜிலிருந்து இரண்டு கரையும் தெரியும்படி படம் எடுத்து இங்கே போடுகிறேன். வகுப்பில் காட்டுங்கள்.

புவியியல் வாத்தியார், திண்டுக்கல்:

கட்டாயம் காட்டுகிறேன். முடிந்தால் நாரா முனைத் திருப்பத்திலும் ஒன்று எடுங்கள் சார். நேற்று அவளிடம் பதிலைச் சொன்னேன். "அப்போ சார், ரெண்டு கரையிலயும் ஒரே நேரத்துல இறங்கியிருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.